வானம் தெரியும்படி ஒரு பந்தல்

சார்,

காலையிலிருந்து வீடு முழுக்க நார்த்தங்காய் வாசனை. மைமூன் அடுக்களையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்துக்கொண்டிருக்கிறாள். தோலில் கத்தி இறங்கும்போது ஒரு வாசனை கிளம்புமே, அது வாசல் வரை வந்து, கடைக்குக் கிளம்பிய என்னை அப்படியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. "இன்னாங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "சாரை நெனச்சேன்" என்றேன். அவளும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

போன வாரம் உங்கள் மகள் தானேயிலிருந்து போன் செய்தார். "அப்பாவைப் பத்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதையெல்லாம் எழுதி அனுப்புங்க அங்கிள். படூருக்கு வந்தப்புறம் அவர் எப்படி இருந்தார்னு எங்களுக்குச் சரியாத் தெரியாது" என்றார். கல்பாக்கத்தில் வளர்ந்து தமிழ் படித்த பெண், அதனால் தமிழிலேயே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. உங்களிடமே பேசுவதாக நினைத்துக்கொண்டதும் கை ஓடுகிறது. உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நார்த்தங்காயிலிருந்தே தொடங்குகிறேன். நாம் பழகி மூன்றாம் வருஷம், உங்கள் பண்டிகைக்கு வேண்டிய பழம் பம்பாயிலிருந்து வந்து சேரவில்லை. பார்சல் எங்கேயோ மாட்டிக்கொண்டது. கையில் ஏந்தி வேண்டிக்கொள்ள அந்த ஜாதிப் பழம் ஒன்று வேண்டும், அதில் ஒரு புள்ளி, ஒரு கீறல் இருக்கக் கூடாது என்றீர்கள். படத்தைக் காட்டினீர்கள். "இது நார்த்தங்கா சார்" என்றேன். அன்று காலையே என் வண்டியில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போனோம். நீங்கள் சட்டைப்பையிலிருந்து கருவிகள் பழுது பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு காயாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். கடைக்கார அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், ஊறுகா போடற காய்க்கு எதுக்குய்யா மூஞ்சி பாக்கற? எடுத்தா எடு, இல்லன்னா வெச்சிட்டு நட."

"பொண்ணு பாக்கறேன்மா. மச்சம் இருந்தா வேணாம்" என்றீர்கள் நீங்கள்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவளே மூட்டையைக் கவிழ்த்துத் தேடினாள். கடைசியில் ஒன்றைப் பொறுக்கி முந்தானையில் துடைத்து, "இந்தா, இது ராசாத்தி" என்று உங்கள் கையில் வைத்தாள். இது செல்லுமா சார் என்று வழியில் கேட்டேன். "எங்க பெரியவங்கள கேட்டா நூறு குத்தம் சொல்வாங்க பாய். ஆண்டவனுக்குச் செங்கல்பட்டு தெரியும், உடு" என்றீர்கள்.

உங்கள் தமிழைப் பற்றி உங்கள் மகளிடம் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் நான் முதலில் கேட்டபோது திகைத்தது நினைவிருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு புரட்டாசி. ஊரில் கல்யாணம் கிடையாது, பந்தல்காரனுக்கு ஈ ஓட்டும் மாதம். கோவளம் சாலையில் என் கடை வாசலில் வெள்ளைச் சட்டை, பேனா, மூக்குக்கண்ணாடியோடு ஒரு பெரிய மனுஷன் வந்து நின்றார். வடக்கத்தி முகம். இங்கிலீஷில் பேசப்போகிறார் என்று பயந்து எழுந்தேன்.

"இன்னா பாய், மாடியில ஒரு பந்தல் போடணும். ஏழு நாளு நிக்கணும். செய்வியா?"

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பது வருஷம் பட்டறை ஆட்களோடு பழகிக் கற்ற தமிழ் என்று பிறகுதான் சொன்னீர்கள்.

"போட்டுடலாம் சார். தகரமா, துணியா?"

"கீத்து. ஆனா நெருக்கமா வேணாம். பகல்ல நெழல் இருக்கணும். பொழுது சாஞ்சி உள்ள உக்காந்து பாத்தா நட்சத்திரம் தெரியணும்."

"மழை வந்தா?"

"ஒழுவணும்."

என் வாப்பா காலத்திலிருந்து நாற்பது வருஷமாக இந்தத் தொழில். 'பாய் பந்தல் ஒழுகாது' என்று கேளம்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரை பேர். அந்தப் பேருக்காக நான் என்னென்ன செய்திருக்கிறேன் என்று உங்களுக்கு அப்போது தெரியாது. என்னிடம் வந்து ஒழுகுகிற பந்தல் கேட்கிறாரே, மனுஷனுக்குப் புத்தி சரியில்லையோ என்று நினைத்தேன்.

நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னீர்கள். நீங்கள் யூதர். கொங்கணிக் கடற்கரையில் பல தலைமுறையாக எண்ணெய் ஆட்டிப் பிழைத்த குடும்பம். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்றே ஊரில் பேர். உங்கள் முன்னோர் பாலைவனத்தில் நாற்பது வருஷம் அலைந்தபோது குடிசையில் தங்கியதை நினைத்து, வருஷத்தில் ஒரு வாரம் உறுதியான வீட்டை விட்டு இப்படி ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருக்க வேண்டும், அது உத்தரவு. கல்பாக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தவரை உங்கள் வீட்டம்மாதான் கொல்லையில் புடவைகளைக் கட்டி அந்தக் குடிசையை அமைப்பார்களாம். அவர்கள் போய் இரண்டு வருஷம். படூரில் மேல்மாடி வீடு வாங்கி வந்தபின் இதுதான் முதல் பண்டிகை.

"வீட்டம்மா இல்லாம, ஒத்தையில... எப்படி சார் சந்தோஷம்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "சந்தோஷம் வரட்டும், அப்புறம் கொண்டாடலாம்னு காத்துகினு இருந்தா அது வரவே வராது பாய். மொதல்ல பந்தலப் போடு. நாலு பேர உக்கார வெச்சி சோறு போடு. அது பின்னாடியே வரும்."

போட்டேன். சவுக்குக் கம்பு நாலு, குறுக்கே மூங்கில், மேலே பச்சைக் கீற்று. சின்ன வயசிலிருந்து என்னோடு வேலை பார்க்கும் கன்னியப்பன் முடிச்சுப் போட்டுக்கொண்டே, "அண்ணாத்த, இத யாராச்சும் பாத்தா நம்ம மானம் போயிடும்" என்றான். வேலை முடிந்து இறங்கப் போனவனை நீங்கள் விடவில்லை. "கட்டுனவன் உக்காரலன்னா வேலை முடியல" என்று பாயில் உட்காரவைத்தீர்கள். அவலில் வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் போட்டு, வாழைப்பழத்தோடு கொடுத்தீர்கள். அதற்குப் பேர் மலிதா என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் மலீதா உண்டு, நாங்கள் மாவில் செய்வோம். சாப்பிடும்போதுதான் உறைத்தது, நாற்பது வருஷத்தில் ஆயிரம் பந்தல் போட்டும் நான் போட்ட பந்தலுக்குள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

ஆனால் புத்தி போகவில்லை சார். கீற்றின் மேல் வெளியே தெரியாதபடி கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துக் கட்டிவிட்டுத்தான் வந்தேன். ஒழுகுகிற பந்தல் என் கையால் நிற்கக் கூடாது. மூன்றாம் நாள் மழை வந்தது. தட்டோடு உட்கார்ந்திருந்த உங்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. மேலே மட்டும் பட பட என்று சத்தம். எனக்குப் போன் வந்தது. ஓடி வந்தேன். அபார்ட்மென்ட் வாசலிலேயே, வாட்ச்மேன் எதிரில், "ஒன்ன நம்பி குடுத்தேனே, என் பண்டிகையக் கெடுத்துட்டியே" என்று கத்தினீர்கள். நான் தாளை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கோபமாக இருந்தது. அப்புறம் மறந்துவிட்டேன்.

நீங்கள் மறக்கவில்லை. அடுத்த வருஷம் பண்டிகைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு, ஒரு சாயங்காலம் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தீர்கள். பந்தலுக்கு ஆர்டர் சொல்லத்தான் என்று நினைத்தேன். நின்றபடியே சொன்னீர்கள்.

"போன வருஷம் வாட்ச்மேன் எதிர்ல ஒன்னக் கத்திட்டேன். மன்னிச்சுக்க பாய்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா சார் இது! தப்பு என்னுது. நீங்க வேணாம்னு சொல்லியும் தாள் போட்டவன் நான்."

"தாள் போட்டது ஒன் தப்பு. நாலு பேர் எதிர்ல கத்துனது என் தப்பு. ரெண்டும் வேற வேற."

அடுத்த வாரம் உங்களுக்குப் பெரிய நோன்பு, தண்ணீர்கூடக் குடிக்காத முழு நாள் நோன்பு. ஆண்டவனுக்குச் செய்த தப்பை அன்று ஆண்டவனிடம் கேட்டுக்கொள்ளலாம், மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன் வாசலில் போய்த்தான் கேட்க வேண்டும், அதனால்தான் நோன்புக்கு முன்னால் வந்தேன் என்றீர்கள். எங்கள் மார்க்கத்திலும் அதுதான். பள்ளிவாசலில் ஹஜ்ரத் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். காதில் விழுந்தது, கால் வரை இறங்கவில்லை.

நீங்கள் டீ குடித்துவிட்டுப் போனபின் நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். 'ரெண்டும் வேற வேற' என்ற வார்த்தை உள்ளே போய்க் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

என் தம்பி ஜலீலும் நானும் ஒன்றாகத்தான் தொழில் செய்தோம். திருப்போரூர் பக்கம் ஒரு ஐப்பசிக் கல்யாணம். பந்திப் பந்தலுக்கு இரட்டைத் தார்ப்பாய் போடச் சொல்லியிருந்தேன். அவன் ஒன்றுதான் போட்டிருந்தான். முதல் பந்தி நடக்கும்போது மழை கொட்டி, இலை இலையாகத் தண்ணீர். சம்பந்தி வீட்டார் எழுந்துவிட்டார்கள். நான் போய் அத்தனை பேர் நடுவில் ஜலீலின் கன்னத்தில் அறைந்தேன். "நீ என் தம்பியே இல்ல, எங்கனா போய்ப் பொழச்சிக்க" என்றேன். அவன் இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து அங்கேயே வைத்துவிட்டு நடந்தான். பெண்டாட்டி ஊரான படாளத்துக்குப் போய் டீக்கடை வைத்துக்கொண்டான். அவன் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

ஏழு வருஷமாக, பந்தல் ஒழுகியது அவன் தப்புத்தானே என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். அது அவன் தப்புத்தான். அடித்தது வேறு.

நீங்கள் முழுக்கக் கேட்டுவிட்டு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மீன் வறுவலைத் தட்டில் வைத்தீர்கள். ஆனால் அதன்பின் ஒவ்வொரு வருஷமும் குடிசை கட்டி முடித்ததும், "இந்த வருஷம் யாரைக் கூப்பிடற?" என்று கேட்பீர்கள். அந்தக் குடிசைக்கு விருந்தாளிகளைக் கூப்பிட வேண்டும் என்பதும் உங்கள் வழக்கம். நான் கன்னியப்பனைக் கூப்பிடுவேன், மைமூனைக் கூட்டி வருவேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு விட்டுவிடுவீர்கள்.

இதற்கிடையில் உங்கள் வெள்ளிக்கிழமைகளுக்கும் பழகிவிட்டேன். சூரியன் இறங்கும் முன் இரண்டு விளக்கை ஏற்றிவிட்டுப் போனை அணைத்தால் மறுநாள் சாயங்காலம்தான் திறப்பீர்கள். அவசரத்துக்குக் கூப்பிட்டுக் கிடைக்காமல் நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். "ஒரு நாளு நான் இல்லாம உலகம் ஓடுதான்னு பாக்கறேன் பாய். ஓடுது. எவ்ளோ நிம்மதி தெரியுமா?" என்று சிரிப்பீர்கள். மைமூன் உங்களுக்கென்றே மீன் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டாள். செதில் இருந்தால் ஆகும். சங்கரா உண்டு, கொடுவா உண்டு. இறாலும் நண்டும் சுறாவும் கிடையாது. "கோவளத்துக்கு வந்து எறா துன்னாத மனுஷன் இவர் ஒருத்தர்தான்" என்று அவளுக்குத் தீராத குறை.

போன வருஷம் ஆடி மாதம் உங்களுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆவணிக்குள் பாதியாக இளைத்துவிட்டீர்கள். லிஃப்டிலிருந்து மொட்டை மாடிக்கு ஏற ஒரு கட்டுப் படி இருந்ததே, அது முடியாமல் போனது. கீழே கார் நிறுத்துமிடத்தில் கட்டலாமா என்று கேட்டதற்கு அபார்ட்மென்ட் ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். "இந்த வருஷம் வேணாம், பரவால்ல" என்றீர்கள். பண்டிகையை வேணாம் என்று உங்கள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என் வூட்டு வாசல்ல போடறேன் சார். ஏழு நாளும் அங்கயே இருங்க" என்றேன்.

"யோசிச்சிக்க பாய். ஒன் வூட்டுல போட்டா நீதான் வூட்டுக்காரன். விருந்தாளிய நீதான் கூப்பிடணும்."

யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரிந்தது. அந்த வாரமே படாளத்துக்கு வண்டியை எடுத்தேன்.

முதல் தடவை ஜலீலின் மனைவி வாசலுக்கு வந்து, அவர் இல்லை என்றாள். அவன் செருப்பு வாசலில் கிடந்தது, மொபெட் வேப்ப மரத்தடியில் நின்றது. சரிம்மா என்று திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை டீக்கடைக்குப் போனேன். எல்லா வாடிக்கைக்காரருக்கும் கொடுப்பது போல எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தான். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, மெதுவாக, "ஜலீலு, மன்னிச்சுருடா" என்றேன். "டீ ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

உங்களிடம் வந்து, என்னால் முடிந்தது அவ்வளவுதான் சார் என்றேன்.

"மூணு தடவை போவணும். இன்னும் ஒண்ணு பாக்கி கீது. அதுக்கு மூணு பேரைக் கூட்டிகினு போவணும்."

"மூணு பேரா? எதுக்கு?"

"எங்க சட்டம் அப்படி. தனியா போயி காதுல சொன்னா போதுமா? நீ அடிச்சது எங்க? ஊரு எதிர்ல."

நோன்புக்கு முந்தின நாள் போனோம். மைமூன், அந்தக் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று பார்த்த கன்னியப்பன், மூன்றாவது ஆள் நீங்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டீர்கள். காலை நேரம், டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பால் கொதித்துக்கொண்டிருந்தது. கன்னியப்பன் உங்களைக் கைத்தாங்கலாகப் பெஞ்சில் உட்காரவைத்தான். நான் அடுப்பு எதிரே போய் நின்றேன்.

"ஜலீலு, அன்னிக்குப் பந்தி நடுவுல எல்லாரும் பாக்க ஒன்ன அடிச்சேன். நீ என் தம்பியே இல்லன்னு சொன்னேன். பந்தல் ஒழுவனதப் பத்தி நான் பேச வரல. அடிச்சது தப்பு, சொன்னது தப்பு. இதோ இவங்க எல்லார் எதிர்லயும் கேக்கறேன். மன்னிச்சுக்க."

ஜலீல் அடுப்பை அணைத்தான். துண்டால் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டாவது தார்ப்பாய் ஏன் போடலன்னு ஒரு வார்த்தை கேட்டியா அண்ணாத்த?"

"இல்ல. இப்பக் கேக்கறேன். ஏன் போடல?"

"மூணு நாளா மூணு கல்யாணம். நீதான் ஒத்துகினு வந்த. தார்ப்பாயப் பிரிச்சி மடியில வெச்சிகினு உக்காந்தேன், அப்படியே தூங்கிட்டேன்."

அவனே தொடர்ந்தான். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு எவனோ வந்து பந்தல் போட்டான். நான் வெளிய நின்னுகினு அவன் முடிச்சையே பாத்துகினு இருந்தேன். ஒரு முடிச்சு ஒழுங்கா இல்ல." மைமூன் அழ ஆரம்பித்துவிட்டாள். கன்னியப்பன் ரோட்டைப் பார்த்தான்.

"எங்க வூட்டு வாசல்ல சாருக்காகக் குடிசை போடறேன். ஏழு நாளு. நீயும் பசங்களும் வரணும்" என்றேன்.

"போங்க. பாக்கலாம்."

அவ்வளவுதான். எல்லாருக்கும் டீ போட்டான். நீங்கள் குடித்துவிட்டு, "தம்பி, டீ ஷோக்கா கீது" என்றீர்கள். திரும்பும் வழியில் செங்கல்பட்டு ஏரி தாண்டும்போது நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். "ஒன் வேலை முடிஞ்சிச்சி பாய். இனிமே அவன் வேலை. நீ பந்தலப் பாரு."

பந்தலைப் பார்த்தேன். தென்னை மரத்துக்குக் கீழ் இருந்தால் செல்லாது, மேலே வானம்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்ல, கம்புகளை இரண்டு முறை பிடுங்கி நட்டோம். சுவருக்கு மைமூன் தன் கல்யாணப் புடவை உட்பட ஆறு புடவை கொடுத்தாள். உங்கள் மகள் வந்து காகிதச் சங்கிலி ஒட்டினார். முதல் நாள் எங்கள் ஹஜ்ரத் வந்தார். இரண்டாம் நாள் கன்னியப்பன் குடும்பம். மூன்றாம் நாள் நீங்கள் சொல்லிப் படூர் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அன்று கத்தியதைக் கேட்டவர் அவர்தானே. வந்தவர் நீங்கள் இருந்த இருப்பைப் பார்த்துத் தயங்கினார். "சாப்பிடுய்யா, சங்கரா மீனு" என்றீர்கள். உங்களுக்கு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

நாலாம் நாளும் ஜலீல் வரவில்லை. நான் ரோட்டைப் பார்ப்பதை நீங்கள் பார்த்தீர்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டோம். ஆட்டோ வந்து நின்றது. ஜலீல் இறங்கினான், பின்னால் மனைவி, மகள், மகள் இடுப்பில் நான் பார்த்தேயிராத பேரப்பிள்ளை. கையில் ஒரு பை நிறைய வேர்க்கடலை. குனிந்து குடிசைக்குள் வந்தவன் ஸலாம்கூடச் சொல்லவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

"அண்ணாத்த, நீயா கட்டுன? ஓட்டையா கீதே!"

"அதான் ஆர்டர்" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பந்தல்காரக் குடும்பத்தில் பிறந்தவனுக்குத்தான் அந்தச் சிரிப்பு புரியும். எனக்கும் வந்துவிட்டது, கன்னியப்பனுக்கும். என்ன என்று தெரியாமல் உங்கள் மகளும் சிரித்தார். அவர்கள் உட்கார்ந்து இலையில் சோறு விழுந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாளாக வராத மழை. குழம்பில் சொட்டியது, குழந்தை தலையில் சொட்டியது. என் கை தன்னால் தார்ப்பாய் எங்கே என்று தேடியது. நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

"உள்ள போ, எல்லாரும் உள்ள போ! கஷ்டப்பட்டுகினு உக்காரக் கூடாது. அதுவும் சட்டம்தான்!"

இலையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். நாற்காலியோடு உங்களை நான் ஒரு பக்கம், ஜலீல் ஒரு பக்கமாகத் தூக்கினோம். முகமெல்லாம் மழை, கண்ணாடியெல்லாம் மழை, நீங்கள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அந்த உடம்பில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ. கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து எல்லாரும் மீதியைச் சாப்பிட்டோம். நானும் ஜலீலும் ஒரே தட்டில்.

ஏழாம் நாள் சாயங்காலம் கடைசியாகக் குடிசையில் உட்கார்ந்தோம், நீங்களும் நானும் மட்டும். கடல் காற்றில் புடவைகள் ஆடின. கீற்றுச் சந்துகளில் முதல் நட்சத்திரம் தெரிந்தது. பயமா இருக்கா சார் என்று கேட்டேன். "இருக்கு" என்றீர்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆனா இந்த வாரம் அந்த வேலை பாக்க நேரமே கெடைக்கல பாய்" என்றீர்கள்.

கார்த்திகையில் நீங்கள் போனீர்கள். சென்னையில் உங்கள் ஆட்களின் சிறிய அடக்கத்தலத்தில் ஜலீலும் நானும் மண் தள்ளினோம். பூ வைக்கும் வழக்கமில்லை, கல்தான் என்று உங்கள் மகள் சொன்னதால், மாமல்லபுரத்துக் கரையில் பொறுக்கிய ஒரு கூழாங்கல்லை அடுத்த மாதம் போய் வைத்துவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் குடிசை போடவில்லை. அது உங்கள் வழக்கம், என் மார்க்கம் எனக்கு இருக்கிறது. உங்கள் மகளும் அதைத்தான் சரி என்றார். ஆனால் உங்களிடம் வாங்கிக்கொண்ட சில விஷயங்கள் என்னோடு தங்கிவிட்டன. ரமலானுக்கு முன்னால் இந்த வருஷம் நாலு பேர் வாசலுக்குப் போனேன். ஒருத்தர் கதவைச் சாத்தினார், இன்னும் இரண்டு தடவை போக வேண்டும். அடுத்தடுத்த நாளில் மூன்று கல்யாணம் ஒத்துக்கொள்வதில்லை. ஆட்களைத் தூங்கவிட்டுத்தான் மேலே ஏற்றுகிறேன். சந்தோஷத்துக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டேன். நாலு பேரை உட்காரவைத்துச் சோறு போடுகிறேன், நீங்கள் சொன்னபடி அது பின்னாடியே வருகிறது, சில நாள் கொஞ்சம் தாமதமாக.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஜலீல். பதினோரு வருஷம் பேசாமல் இருந்ததால், அவன் பேர் தெரிந்தாலே இன்னும் எனக்குப் பயம் வருகிறது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ, ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"இன்னாடா, இன்னா விஷயம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாத்த" என்றான். "சும்மாதான்."